அரிந்த காயின் சூடு

மலைக்கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு மடம் இருந்தது. பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட கூடம், நீளமான சமையல் கொட்டகை, ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். தைப்பூசத்துக்கு முந்தின நாள், பல ஊர்களிலிருந்து நடந்தே வருகிறவர்களுக்கு அங்கே மதியச் சோறு போடுவார்கள். எண்ணூறு இலை விழும்.

மடத்தை நடத்தியவள் பூவாத்தாள். வயது நாற்பத்து நான்கு. காவி கட்டுவதில்லை, கண்ணை மூடி உட்காருவதில்லை. பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வாள், அதுவும் அடுத்த வாரம்.

அவளுடைய சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்து மூன்று. குருவைச் சீடர் ஆத்தா என்று கூப்பிடுவார். சீடரைக் குரு அண்ணா என்று கூப்பிடுவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அது சிரிப்பாகத் தெரியவில்லை.

சென்னியப்பன் ரயில்வே கேட்டில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். வண்டி வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூட வேண்டிய கேட்டை அவர் அரை மணி முன்னாலேயே மூடிவிடுவார். மாட்டு வண்டிக்காரர்கள் திட்டினார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் திட்டினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதையும் முந்திச் செய்து முடித்தால்தான் அவருக்கு நெஞ்சு அடங்கும். அப்படியொரு பயந்த மனுசன்.

ஓய்வு பெற்ற மறு வாரம் மடத்துக்கு வந்து நின்றார்.

"ஆத்தா, எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எதுக்குங்ணா?"

"எந்நேரமும் இருக்குதுங்க. சோறு தின்னா இருக்குது, படுத்தா இருக்குது. அதைய என்ன பண்றதுங்க?"

பூவாத்தாள் உள்ளே போய் ஓர் அரிவாள்மனையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"காய் அரியத் தெரியுங்களா?"

"கத்துக்கறனுங்க."

அதன் பிறகு மூன்று வருடம் அவர் காய் அரிந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் கத்தரிக்காயை ஒரே அளவில் நறுக்க வந்துவிட்டது. நான்காம் வருடப் பூசத்துக்குக் காய் அரியும் வேலை முழுவதையும் பூவாத்தாள் அவர் பொறுப்பில் விட்டாள். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர்.

அந்த மடத்தில் காய்க்கு ஒரு முறை உண்டு. முழுசாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சாப்பாட்டு நாள் காலையில்தான் அரிய வேண்டும். உலை எப்போது கேட்கிறதோ அப்போது அரிந்து நேராக உலையில் போட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்கு மொத எலை என்று பெயர். காய் அரிந்தவர்களில் தலைவர் யாரோ அவர் முதலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் காத்திருப்பார்கள். எதிரே மடத்துத் தலைவி உட்கார்ந்து, சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பாள். அவள் தலையசைத்த பிறகே மற்ற இலைகளில் சோறு விழும். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏன் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பூசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நடந்து வருகிறவர்களின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட, பூவாத்தாள் எட்டு மைல் தள்ளி அவர்கள் இரவு தங்கும் இடத்துக்குப் போனாள். மறுநாள் விடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

மத்தியானம் காய் வந்து இறங்கியது. பீன்ஸ், கேரட், கோசு, கத்தரிக்காய், பீட்ரூட். கடைசியாக ஒரு வண்டி நிறைய அரசாணிக்காய். வெளியூர்க்காரர்கள் அதைப் பரங்கிக்காய் என்பார்கள்.

சென்னியப்பன் குவியலை இரண்டு முறை சுற்றி வந்தார். காலையில் பன்னிரண்டு பேரில் நாலு பேர் வராமல் போனால்? போன வருடம் மாதிரி ஜனம் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டால்? போன வருடம் ஒரு கிழவர் பசி தாங்காமல் எழுந்து போய்விட்டார். அவர் முதுகு இன்னும் சென்னியப்பன் கண்ணிலேயே நின்றது.

அப்போதே ஆள் அனுப்பிப் பன்னிரண்டு பேரையும் வரவழைத்தார்.

"இன்னிக்கே அரிஞ்சு முடிச்சுருவோம். காத்தால எந்திரிச்சதும் உலையில போட வேண்டியதுதான்."

"ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முடிஞ்ச வேலையைப் பார்த்து யாராச்சும் வைவாங்களா?"

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அரசாணிக்காய் தவிர எல்லாம் அரிந்தாயிற்று. மண் இருந்தது என்று, அரிந்த துண்டங்களைத் தொட்டியில் கொட்டி ஊறவிட்டு அலசினார்கள். பீட்ரூட் அலசிய தண்ணீர் வாய்க்காலில் சிவப்பாக ஓடியது. காற்றுப் பட்டால் வாடிவிடும் என்று சென்னியப்பன் எல்லாவற்றையும் ஈரத்தோடு கெட்டியான பிளாஸ்டிக் மூட்டைகளில் திணித்தார். ஈ எறும்பு நுழையாதபடி வாயைச் சணல் போட்டு இறுக்கிக் கட்டினார். பதினேழு மூட்டை. கூடத்தை ஒட்டியிருந்த சாமான் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவைச் சாத்தினார்.

பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனுசன் நிம்மதியாகத் தூங்கினார்.

விடியற்காலையில் கதவைத் திறந்தபோது முகத்தில் வெக்கை அடித்தது. மார்கழிக் குளிர் இன்னும் விடாத காலம் அது. வெளியே வேப்பமரம் பனியில் நனைந்திருந்தது. அறைக்குள் மட்டும் வெக்கை.

மூட்டைகள் உப்பியிருந்தன. ஒன்றின் கட்டை அவிழ்த்தார். புளித்த வாடையும் அழுகல் வாடையும் சேர்ந்து எழும்பி வந்தது. பீன்ஸ் விரலில் வழுக்கியது. கத்தரிக்காய் கறுத்துக் கிடந்தது. கோசை அவர் முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இரண்டாவது மூட்டை. மூன்றாவது.

எண்ணூறு பேர். கொப்புளம் கட்டின காலோடு வருகிறவர்கள். இதைத் தின்றுவிட்டு மலை ஏறுவார்கள். சாலை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுக்கிறவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். படிக்கட்டில் சுருண்டு கிடக்கிற பெண்கள் தெரிந்தார்கள்.

சமையல்காரர் நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப மோசமில்லீங்க. உப்பும் மஞ்சளும் போட்டு ரெண்டு தரம் அலசுனா வழுவழுப்புப் போயிரும். பெருங்காயத்தைத் தூக்கலாப் போட்டு, மொளகு அரைச்சு ஊத்துனா வாடை தெரியாதுங்க."

"மொத எலையில நானல்லோ உக்காரோணும்."

"திங்கறப்ப முகத்துல காட்டாமத் தின்னுபோடுங்க. கொதிச்சதுக்கு அப்புறம் ஒண்ணும் ஆகாதுங்க."

ஒண்ணும் ஆகாது என்று நாச்சிமுத்து சொன்ன விதத்தில் அவருக்கே நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் சென்னியப்பன் உப்பை எடுத்தார். நான் தின்று நானே சாகிறேன், ஆத்தா முகத்தில் மட்டும் முழிக்க முடியாது என்று நினைத்தார். எண்ணூறு பேரைப் பற்றி அந்த நிமிடம் அவர் நினைக்கவில்லை. பயம் வந்தவனுக்கு அடுத்தவன் கண்ணில் படமாட்டான்.

ஐந்து மூட்டை அலசி முடிக்கும்போது பூவாத்தாள் வந்துவிட்டாள். கையில் இன்னும் எண்ணெய் வாடை இருந்தது.

"காய் அரிஞ்சாச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க ஆத்தா."

அவள் கூடையைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். உப்பில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"இன்னிக்கு உங்களுக்கு வேலை ஜாஸ்தி. மொத எலையில நான் உக்காந்துக்கறனுங்ணா. நாச்சிமுத்து, காயை உலையில போடுங்க."

நாச்சிமுத்து கூடையைத் தூக்கினார். சென்னியப்பனைப் பார்த்துக்கொண்டே அடுப்பை நோக்கி நடந்தார். உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

"போடாதீங்க!"

அது தன் குரல்தான் என்று சென்னியப்பனுக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. ஓடிப்போய்க் கூடையைப் பிடுங்கினார். பாதிக் காய் தரையில் சிதறியது.

"கெட்டுப் போச்சுங்க ஆத்தா. நேத்தே அரிஞ்சுபோட்டனுங்க. மூட்டை கட்டி வெச்சுபோட்டனுங்க. நீங்க திங்காதீங்க."

தெரிந்துதான் அவள் மொத எலையைக் கேட்டாளா என்று நாச்சிமுத்து பிறகு பலரிடம் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை.

பூவாத்தாள் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனாள். இன்னும் அவிழ்க்காத ஒரு மூட்டையின் மேல் அவர் கையை எடுத்து வைத்தாள்.

"எப்படி இருக்குதுங்ணா?"

"சூடா இருக்குதுங்க."

"காய்ச்சக்காரன் மேலு மாதிரி?"

"ஆமாங்க."

"அரிஞ்சா செத்துப் போயிரும்னு நெனச்சீங்க. அது சாகலைங்ணா. மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. முழுசா இருக்கறப்ப விட்டதை விட வேகமா விட்டுச்சு."

சென்னியப்பன் கையை எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது. இரவு முழுக்க அந்த இருட்டறையில், கட்டின வாய்க்குள், அத்தனை துண்டமும் மூச்சுக்குத் திணறியிருக்கிறது. அவர் பக்கத்துக் கூடத்தில் நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

தொட்டியில் நேற்றைய தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பூவாத்தாள் அதைக் கையில் அள்ளிக் காட்டினாள். பீட்ரூட் நிறம்.

"நடந்து வர்றவங்களுக்கு வேண்டிய சத்து இதுதானுங்ணா. இது வாய்க்காலுக்குப் போயிருச்சு."

வேப்பமரத்துக்கு அப்பால் ஒரு குழி வெட்டினார்கள். அலசின கூடைகளையும் மீதி மூட்டைகளையும் சென்னியப்பனே தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு கட்டையும் அவரே அவிழ்த்துக் கொட்டினார். நாற்றம் தாங்காமல் இரண்டு முறை திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டார். கொட்டி முடித்துக் குனிந்து தொட்டுப் பார்த்தார். பரந்து கிடந்த காய் சில்லென்று இருந்தது.

"முழுசா என்ன இருக்குதுங்ணா?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"அரசாணிக்காய் மட்டுமுங்க. இருட்டிப் போனதால விட்டுப்போட்டோம்."

"நல்லதாப் போச்சு. சோறு, பருப்பு, அரசாணிக்காய்க் கொழம்பு, ரசம். பொரியல் இல்லைன்னு நான் சொல்லிக்கறேன்."

பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். காயைக் கழுவித் துடைத்து அவரவர் முன்னால் வைத்தார்கள். சென்னியப்பன் அரிவாள்மனையில் கால் வைத்தார்.

"இருங்ணா," என்றாள் பூவாத்தாள். "பருப்பு இன்னும் மலரலை."

"அரிஞ்சு வெச்சுக்கலாமுங்க. ஜனம் வந்துருவாங்க."

"வரட்டும்."

அவர் ஒரு முழு அரசாணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் கொட்டகைக்குள் ஒரு சாண் வந்தது. பிறகு இரண்டு சாண். காயின் கனத்தில் தொடை மரத்துப் போனது.

தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது.

"ஆத்தா, வந்துட்டாங்க."

"பாலத்துக்கு அக்கட்டாலதான் இருக்காங்க."

பம்பை பெரிதாயிற்று. காவடிச் சலங்கையும் கேட்டது. பன்னிரண்டு பேரும் சென்னியப்பன் முகத்தையே பார்த்தார்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த வருடமும் ஒரு கிழவர் எழுந்து போவார். இரண்டு பேர் போவார்கள். எண்ணூறு பேரும் போவார்கள். அரிவாள்மனையை நோக்கிக் காய் தானாகவே நகர்ந்தது. அதைத் திரும்ப மடிக்கு இழுத்தார்.

பூவாத்தாள் பருப்பை ஒரு கரண்டி எடுத்து விரலால் நசுக்கினாள். திரும்பக் கொட்டினாள். மூடினாள்.

வேப்பமரத்தடியில் முதல் கூட்டம் வந்து உட்கார்ந்தது. யாரோ ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழுதது. சென்னியப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"இப்ப அரிங்ணா."

பதின்மூன்று அரிவாள்மனையும் ஒரே நேரத்தில் சத்தமிட்டன. துண்டம் கூடையில் விழுந்தது, கூடை உலைக்குப் போனது. வெட்டின இடத்தில் சாறு துளிர்ப்பதற்குள் காய் கொதிக்கும் பருப்பில் இருந்தது. கொட்டகை முழுக்க மணம் வந்தது. சென்னியப்பன் எத்தனை காய் அரிந்தார் என்று அவருக்கே தெரியாது.

இலை போட்டார்கள். மொத எலையில் அவர்தான் உட்கார்ந்தார். எண்ணூறு பேர் பசியோடு பார்க்க, அவர் குழம்பைப் பிசைந்து வாயில் வைத்தார். பூவாத்தாள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே தின்றார்.

அவள் தலையசைத்தாள். பந்தி பரபரவென்று நடந்தது. பொரியல் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

கடைசிப் பந்தி முடிந்ததும் சென்னியப்பன் மண்வெட்டியோடு குழிக்குப் போனார். பூவாத்தாளும் வந்து பக்கத்தில் நின்றாள். அவர் நாலு வெட்டு மண் தள்ளிவிட்டு நிறுத்தினார்.

"பதினோரு வருசம் ஆச்சுங்க ஆத்தா."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

"கேட்டை மூடியிருந்தேன். ஒரு வேன் வந்து நின்னுச்சுங்க. உள்ள ஒரு பொம்பளை, பாம்பு கடிச்சிருந்துச்சு. புருசங்காரன் எறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டானுங்க. ரயிலு வர இன்னும் இருவது நிமிசம் இருந்துச்சு. சாவி என்ர இடுப்புலதான் இருந்துச்சுங்க."

"ம்."

"தொறக்கலைங்க."

வேப்பமரத்தடியில் நடைக்காரர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். சிலர் குறட்டை விட்டார்கள்.

"அந்தம்மா என்ன ஆனாங்க?"

"தெரியாதுங்க. கேக்கலைங்க. யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்த ஊருப் பக்கமே தலை வெச்சுப் படுக்கலைங்க."

"ஊரு பேரு தெரியுங்களா?"

"வேன்ல எழுதியிருந்துச்சுங்க. மறக்க மாட்டேங்குது."

பூவாத்தாள் வெயிலைப் பார்த்து நேரம் கணக்குப் பண்ணினாள்.

"மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்குதுங்ணா. அதுல போனா வெளிச்சம் இருக்கறப்பவே போய்ச் சேந்துருவீங்க."

சென்னியப்பன் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. காலையில் கூடையைப் பிடுங்கியபோதுகூட அவர் முகம் இப்படி வெளுக்கவில்லை.

"அந்தம்மா செத்துப் போயிட்டாங்கன்னு சொன்னா?"

அவிழ்த்த சணல் கயிறு குழி ஓரத்தில் சுருண்டு கிடந்தது. பூவாத்தாள் குனிந்து அதை எடுத்தாள்.

"நாறத்தானுங்ணா செய்யும். காத்தால நாறலையா? அவுத்துக் கொட்டுனதுக்கு அப்புறந்தான் சூடு ஆறுச்சு."